ஸ்டாக்கில் ஒரு மஞ்சள்

கார் விற்கும் வேலைக்கு இன்ஜினைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தால் போதும் என்று நம்பி வந்தவள் நான்; சேர்ந்த ஒரு வாரத்திலேயே, வாங்குகிறவரின் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கிற உங்களுக்கெல்லாம் இதை விளக்க வேண்டியதில்லை. ஜவுளிக்கடையில் இருப்பவர்களாவது நூறு புடவையைப் பிரித்துக் காட்டிவிட்டு, ஆள் போனதும் முணுமுணுத்துக்கொண்டே மடித்து வைக்கலாம். எங்களால் காரைப் பிரித்துப் போட முடியாது. ஒரு அட்டையில் ஒட்டியிருக்கும் ஏழெட்டுக் கலர் சதுரங்களைக் காட்டி, ‘இதையே பெரிசா நினைச்சுப் பாருங்க’ என்று சொல்ல வேண்டும். விலை, மைலேஜ், லோன் எல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். அந்தச் சதுரங்கள் மேல் விரலை வைத்தபடி குடும்பங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் தேன்மொழி. படித்தது பி.எஸ்சி. இயற்பியல். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஷோரூம். எனக்கு அதிகம் பேச வராது. அதனால் வருகிறவர்கள் என்னிடம் அதிகம் பேசினார்கள். அப்படிக் கேட்டவைதான் இவை.

டீசன்ட்டான கலர்

கார் வாங்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கலரைப் பற்றிச் சொல்கிற முதல் வார்த்தை ‘டீசன்ட்டா’ என்பதுதான். டீசன்ட் என்றால் வெள்ளை, சில்வர், கிரே. இந்த கிரேவுக்கு அட்டையில் வாயில் நுழையாத ஒரு பெயர் அச்சடித்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘ஃப்ளை ஆஷ்’ என்பார்கள். தெர்மல் மின் நிலையத்துப் புகைபோக்கியிலிருந்து வந்து மாடியில் காயப்போட்ட துணியில் உட்காருமே, அந்தச் சாம்பல். எந்தக் கலர் வாங்கினாலும் மூன்றாவது நாள் காலையில் அது தானாகவே அந்தக் கலருக்கு வந்துவிடும். அதையே காசு கொடுத்து வாங்கிவிட்டால் துடைக்கிற வேலை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் ஷோரூம் கண்ணாடிக்கு நேர் பின்னால் ஒரு மஞ்சள் கார் நின்றது. சாதாரண மஞ்சள் இல்லை. ஸ்டாக் யார்டில் வண்டிகளைக் கழுவி நகர்த்தி வைக்கிற பாஷா அண்ணன் அதற்கு ‘சுளை’ என்று பெயர் வைத்திருந்தார். பண்ருட்டிப் பலாவைப் பிளந்து வைத்தால் என்ன நிறமோ, அந்த நிறம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் தன் அப்பாவுக்கென்று போனிலேயே புக் செய்த வண்டி. டெலிவரி எடுக்க ரோஜா மாலையோடு வந்த அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். மாலையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். “இதுல நான் சாவு வூட்டுக்கு எப்படிம்மா போவேன்?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து சுளை அங்கேயே நின்றது.

போகாத சரக்கு புதிதாக வந்தவர்கள் தலையில் விழுவது எல்லாக் கடைக்கும் பொது. மேனேஜர் சம்பத் சார் என்னைக் கூப்பிட்டார். “பேருதான் தேன்மொழி, மொழியே வெளிய வர மாட்டேங்குது. டிசம்பர் தாண்டினா இது போன வருஷத்து வண்டி. அதுக்குள்ள இதைத் தள்ளிவிட்டா உன்னைப் பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு. இல்லன்னா ட்ரெய்னிங் முடிஞ்சுதுன்னு அனுப்பச் சொல்லுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். எங்கள் ஊரில் பர்மனென்ட் என்ற வார்த்தைக்கு என்ன எடை என்பது கான்ட்ராக்ட் வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். என் அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து கான்ட்ராக்ட். சாயங்காலம் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி உதறினார். “ஒரே ஒரு கார்தானே? நான் பாதி மைன்ஸையே வெட்டிட்டேன், இன்னும் கான்ட்ராக்ட்தான். நீ பாரும்மா.”

எந்தச் சங்கம்?

சுளையை முதலில் காட்டத் துணிந்தது ஒரு ஃபோர்மேனிடம். அவர் வந்த நேரம், அவர் வேலை பார்க்கும் நிலக்கரிக் கம்பெனியில் சங்கத் தேர்தல் நேரம். கேட்டுக்கு கேட் கொடி, கொடிக்குக் கொடி கலர். அவர் அட்டையை வாங்கி ஒவ்வொரு சதுரமாகக் கழித்துக்கொண்டே வந்தார். சிவப்பா, அது அவங்க. நீலமா, அது இவங்க. பச்சை வாங்கினால் மச்சான் பேச மாட்டார், அவர் எதிர்ச் சங்கம். காவி கலந்த பிரவுன் வேண்டவே வேண்டாம், வீட்டுக்காரி ஒத்துக்கொள்வாள், ஷிஃப்ட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அடுத்த நாள் காலையில் அவர் அதே கேட்டில்தான் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும்.

எனக்கு அப்போதுதான் மின்னல் மாதிரி தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், தனி மஞ்சள்ல எந்தச் சங்கமும் இல்ல” என்றேன். அவர் நிமிர்ந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சுளையைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு அட்டையை மேஜைமேல் வைத்து, சில்வர் மேல் விரலை ஊன்றினார். “வாஸ்தவம்தான், மஞ்சள்ல சங்கம் இல்ல. ஆனா நாளைக்கே எவனாவது ஆரம்பிச்சான்னு வைங்க, நான்தான் தலைவர்னு சொல்லிடுவானுங்க.”

ஒளிந்துகொள்ள ஒரு கார்

குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒரே கேட், ஒரே வேப்பமரம். முதல் தடவை வருகிற விருந்தாளி இரண்டு வீட்டிலாவது தவறிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சரியான வீட்டுக்கு வருவார். கலாவதி மேடமும் அவர் கணவர் ராஜாமணி சாரும் என் எதிரில் உட்கார்ந்து வாதாடியது இதைப் பற்றித்தான். மேடத்துக்குக் கம்பெனி ஆபீஸில் அக்கவுன்ட்ஸில் வேலை. சார் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பேச்சு முழுக்க சாருடையது.

“அதோ அந்த மஞ்சள் மாதிரி பளிச்னு இருந்தா, ‘மஞ்ச கார் நிக்கிற வீடு’ன்னு சொல்லிடலாம், யாரும் தேட வேணாம்” என்றார் மேடம். சார் பதறிப்போனார். அவர் சொந்தக்காரர்கள் சுற்று வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரு பையன் இருக்கிறான். அத்தனை பையனுக்கும் மைன்ஸில் ஒரு வேலை வேண்டும். மேடம் சிபாரிசு செய்தால் கிடைத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. “இப்ப வீடு தெரியாமலாச்சும் ரெண்டு பேர் திரும்பிப் போறாங்க. மஞ்சள் வாங்கினா நானே வழி சொன்ன மாதிரி ஆயிடும். கிரேதான். பத்தோட பதினொண்ணா இருக்கணும், கண்ணுல படவே கூடாது” என்று சார் அடித்துச் சொன்னார். முடிவுக்கு வரவில்லை, அப்புறம் வருகிறோம் என்று எழுந்தார்கள். மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏம்மா, இவரு ஒளிஞ்சிக்கறதுக்குக் கார் எதுக்கு? வீட்ல கட்டில் இருக்கே, அது போதாதா?”

வெள்ளை வாங்கியவர்

மஞ்சளைத்தான் தொட மாட்டார்கள், வெள்ளையாவது வம்பில்லாத கலர் என்று நினைத்திருந்தேன். புதிதாக வேலையில் சேர்ந்த வெளியூர் இன்ஜினியர் ஒருவர் பத்து நிமிடத்தில் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் ஊர் விவரம் அவருக்குத் தெரியாது, எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கம்பெனி வேலைக்கு வாடகையில் ஓடுகிற கார்கள் எல்லாம் வெள்ளை. ஆபீஸ் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றால் அது ‘டூட்டி வண்டி’. பெரிய அதிகாரிகளுக்கு நம்பர் பிளேட்டைப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து அவர் ஷோரூமுக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஆபீஸ் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்திருக்கிறது. ஒரு பெரிய அதிகாரி ஏறி உட்கார்ந்து, ஃபைலைப் பிரித்து, “மைன்ஸுக்குப் போப்பா” என்றிருக்கிறார். இவருக்கு என் குணம். எதிர்த்துப் பேச வராது. கொண்டுபோய் விட்டுவிட்டார். ஏசியைக் குறைக்கச் சொன்னபோது குறைத்திருக்கிறார். “அதுகூடப் பரவால்ல மேடம். இறங்கும்போது ‘நாளைக்கு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துடு’ன்னாரு. இப்ப நான் போகணுமா, வேணாமா?”

சுளைக்குச் சுளை

பண்ருட்டியிலிருந்து ஒரு பலா மண்டிக்காரர் வந்தார். பாஷா அண்ணன் கண்ணைக் காட்டினார், இவர்தான் ஆள் என்று. எனக்கும் அப்படித்தான் பட்டது. பலாவில் சம்பாதித்தவருக்குப் பலாச்சுளைக் கலர் ராசியாகத் தோன்றாதா? ராத்திரியே சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை ஒப்பித்தேன். “உங்க தொழில் கலர்ங்க. மங்களகரமா இருக்கும்.”

அவர் வண்டிக்குள் ஏறினார், இறங்கினார், பானெட்டைத் தட்டினார், பழம் முற்றிவிட்டதா என்று பார்க்கிற மாதிரியே தட்டினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “காலைல எழுந்ததிலேருந்து இதைத்தான் பார்த்துகினு இருக்கேன், மோந்துகினு இருக்கேன். ராத்திரி வூட்டுக்குப் போறதும் இதுக்குள்ளயே உக்காந்துகினு போவணுமா? வேற காட்டுங்க.”

மஞ்சக் கடுதாசி

இது சின்னது. பஜாரில் ஃபேன்ஸி கடை வைத்திருக்கும் ஒருவர், இருப்பதிலேயே மலிவான மாடல் கேட்டு வந்தார். தள்ளுபடி சுளைக்குத்தான் அதிகம் என்று சொன்னேன். மனிதர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். “ஏம்மா, எனக்குக் கடன் குடுத்தவங்க நாலு பேர் இந்த ரோட்லதான் இருக்காங்க. நான் திவால்னு மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறேன்னு ஏற்கெனவே பேசிக்கறாங்க. மஞ்சக் காரே ஓட்டிக்கிட்டு வந்தா குடுத்துட்டேன்னே முடிவு பண்ணிடுவாங்க!”

லீவு கலர்

எல்லோரும், “இந்தக் கலர் வேற யார்கிட்டயாவது இருக்கா?” என்று கேட்பார்கள்; இருக்கக் கூடாது என்பதற்காக. டவுன்ஷிப்பிலிருந்து வந்த சேகர் சார் மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார். “எங்க பிளாக்ல எந்தக் கலர் ரொம்ப ஓடுது?” கிரே என்றேன். “அதையே போடுங்க.” காரணத்தை அவரே தாழ்ந்த குரலில் சொன்னார். டவுன்ஷிப்பில் ஒருவர் டூட்டிக்குப் போகவில்லை என்பதை அவர் சொல்லத் தேவையில்லை, அவர் கார் சொல்லிவிடும். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவரின் வண்டி புதுச்சேரி ரோட்டில் போனால், வண்டி திரும்பி வருவதற்குள் செய்தி ஷிஃப்ட்டுக்கு வந்துவிடும். ஃப்ளை ஆஷ் கலரில் போனால் எது யாருடையது என்று யார் கண்டார்கள்?

முதல் சர்வீஸுக்கு வந்தபோது மீதிக் கதையையும் அவரே சொன்னார். குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வெளியே வந்து, ரிமோட்டை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. கைப்பிடியை இழுத்திருக்கிறார், கண்ணாடியைத் தட்டியிருக்கிறார், டயரை ஒரு உதைகூட விட்டிருக்கிறார். அப்போது பின்னாலிருந்து, “யோவ், என் வண்டிய ஏன்யா உதைக்கிற?” என்று ஒரு குரல். திரும்பினால் அவருடைய ஷிஃப்ட் இன்சார்ஜ். கையில் அதே தாம்பூலப் பை. அவருக்கும் அன்றைக்குக் காய்ச்சல்தான். இரண்டு பேரும் இரண்டு கிரே கார்களுக்கு நடுவில் நின்றார்கள். பிறகு இன்சார்ஜ் வெற்றிலையை மென்றபடி சொன்னாராம்: “சரி, உனக்கு என்ன மாத்திரை குடுத்தாங்கன்னு சொல்லு. நானும் அதையே சொல்லிடறேன்.”

வாய் திறந்த நாள்

டிசம்பர் பாதி ஓடிவிட்டது. அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன், “மஞ்சள் போச்சா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்காதீர்கள் என்று அம்மா தடுத்த பிறகு, கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இனி வாயைத் திறக்காமல் முடியாது என்று முடிவு செய்தேன். படித்த இயற்பியலை எதற்கு வைத்திருக்கிறேன்?

வடலூரிலிருந்து வந்த ஒரு பேங்க்காரர் மாட்டினார். மூச்சு விடாமல் சொன்னேன். மனிதக் கண்ணுக்கு எளிதில் படுவது மஞ்சளும் அதை ஒட்டிய பச்சையும்தான். மார்கழிப் பனியில் கிரே கார் ரோட்டோடு ரோடாகக் கலந்துவிடும், எதிரில் வருகிற லாரிக்காரருக்குத் தெரியாது. மஞ்சள் தூரத்திலிருந்தே தெரியும். வெயிலில் கறுப்பைப் போலச் சூடும் ஏறாது. என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சம்பத் சார் கேபினுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பேங்க்காரர் ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்ததும் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “எல்லாம் ரைட்டுதாம்மா. அவ்வளவு நல்ல கலர்னா, நீ ஏன் சாம்பல் கலர்ல சுடிதார் போட்டிருக்க?”

பர்மனென்ட் ஆனவர்களுக்குத்தான் யூனிஃபார்ம். ட்ரெய்னிங்கில் இருப்பவர்கள் சொந்த உடையில் வரலாம். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து பார்த்தேன். சாம்பல், பழுப்பு, கருநீலம், திரும்பவும் சாம்பல். எல்லாம் நானே பார்த்துப் பார்த்து எடுத்தவை. மடிப்புக் கலையாமல் அடியில் ஒரு மஞ்சள் சுடிதார் இருந்தது; சித்தி எடுத்துக் கொடுத்தது, ஒரு நாளும் போட்டதில்லை. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஷோரூமுக்குள் நுழைந்தேன். பாஷா அண்ணன் சுளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “பாப்பா, நேத்து வரைக்கும் ஸ்டாக்குல மஞ்சள் ஒண்ணுதானே இருந்துச்சு?”

பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்

வருஷம் முடிய நாலைந்து நாள் இருந்தபோது கலாவதி மேடமும் ராஜாமணி சாரும் திரும்ப வந்தார்கள். நான் மஞ்சள் சுடிதாரைத் துவைத்துப் பீரோவின் அடியில் திரும்ப வைத்துவிட்டிருந்தேன். சார் உட்காரும்போதே, “கிரேம்மா. முடிவு பண்ணியாச்சு. எழுதிக்குங்க” என்றார். நானும் எழுத ஆரம்பித்தேன். வண்டி யார் பேரில் என்று கேட்டேன். “இவங்க பேர்லதான், இவங்கதான் பர்மனென்ட், லோன் இவங்களுக்குத்தான் கிடைக்கும்” என்றார் சார். யார் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். “அதுவும் இவங்கதான். எனக்கு கிளட்ச்சே வர மாட்டேங்குது.” கலர் என்ற இடத்தில் பேனாவை வைத்தேன். மேடம் கண்ணாடி வழியாகச் சுளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொல்லும்மா. உனக்கு எது நல்லா இருக்குன்னு படுது?” என்று திடீரென்று என்னைக் கேட்டார். கேபின் கதவு லேசாகத் திறந்தது. சம்பத் சார் கதவிடுக்கில் நின்று, சுளையை நோக்கிக் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது மட்டும் எனக்கு வாயில் வரவில்லை. மாதக்கணக்கில் அந்தச் சதுரங்களை நீட்டிக்கொண்டே நான் பார்த்திருந்த ஒரே விஷயம்தான் வந்தது. “தெரியல மேடம். ஓட்டறவங்க உள்ள உட்கார்ந்துட்டா அவங்களுக்கு வண்டி கலர் தெரியாது. வெளிய நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அதனால எல்லாரும் அவங்களுக்காகத்தான் வாங்கறாங்க” என்றேன். சம்பத் சார் நெற்றியில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மேடம் கைப்பையை மேஜைமேல் வைத்தார். பிறகு, “அப்படின்னா லோன் என் பேர்ல, பிடித்தம் என் சம்பளத்துல, ஓட்டறது நான். கலர் மட்டும் வெளிய நிக்கிறவங்க இஷ்டமா? பார்க்கறது அவங்கதானே? நல்லாப் பார்க்கட்டும். அந்த மஞ்சளை எழுதும்மா” என்றார். சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேடம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சார் வாயை மூடிக்கொண்டார், தண்ணீர் குடித்தார், பாட்டிலை மூடினார். எல்லாம் எழுதி முடித்து மேடம் கையெழுத்துப் போட்ட பிறகு, சார் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்: “ஏம்மா, வண்டியைப் போர்த்தறதுக்கு கவர் குடுப்பீங்கல்ல, அது என்ன கலர்ல இருக்கும்?”

மஞ்ச கார் வீடு

கவர் கிரேதான். சார் அதை ஒரு நாள்கூட விடவில்லை. மேடம் ஆபீஸ் விட்டு வந்து வண்டியை நிறுத்தி, கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் போர்த்திவிடுவாராம். முதல் சர்வீஸுக்கு வண்டி எடுக்கப் போன பாஷா அண்ணன் பிளாக் முழுக்கச் சுற்றியிருக்கிறார். மஞ்சள் எங்கேயும் கண்ணில் படவில்லை. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ராஜாமணி வீடு எது என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. வண்டி விவரம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “மஞ்ச கார் வீடா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன! அதோ பாருங்க, சாம்பல் கலர் கவர் போட்டு நிக்குதே, அதான் மஞ்ச கார் வீடு. நீங்களும் வேலை விஷயமாத்தான் வந்திருக்கீங்களா?”

சம்பத் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொங்கலுக்கு முன்னால் என்னைப் பர்மனென்ட் ஆக்கி, யூனிஃபார்ம் கோட்டைக் கையில் கொடுத்தார். வீட்டில் அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கினார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், காலரைத் தடவினார், பித்தானைப் போட்டுக் கழற்றினார். கோட் நல்ல அழுத்தமான சாம்பல் நிறம். அப்பா அதை என் தோளில் வைத்துப் பார்த்துச் சொன்னார்: “நல்ல கலர்ம்மா. டீசன்ட்டா இருக்கு.”

மறுநாள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் இறங்கினால், ஷோரூம் வாசலில் கார் ஏற்றி வரும் பெரிய லாரி நின்றது. சம்பத் சார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு வருஷமாகப் போகாத வண்டி போனதைப் பார்த்த மேலிடம், நெய்வேலியில் மஞ்சளுக்குக் கிராக்கி வந்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டதாம்; மற்ற ஊர்களில் நின்றுபோன மஞ்சளையெல்லாம் எங்களுக்கே அனுப்பிவிட்டார்கள். பலகையைச் சாய்த்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்த பாஷா அண்ணன் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். “பாப்பா, இந்த வருஷம் பலா நல்லாக் காய்ச்சிருக்கு!”

ஆக, எனக்கு வேலை பர்மனென்ட் ஆன கையோடு மஞ்சளும் பர்மனென்ட் ஆகிவிட்டது. கான்ட்ராக்ட்டில் இருப்பது இப்போது என் அப்பாவும், அந்தச் சாம்பல் கவருக்குள் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ராஜாமணி சாரின் நிம்மதியும்தான்.